கேவிட்டியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

என் மேசையின் மேல் ஒரு எஃகு உருளை கிடக்கிறது. ஒரு சாண் நீளம். இரண்டு முனைகளிலும் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கண்ணாடி ஒட்டியிருக்கிறது. நடுவயிற்றில் பென்சில் நுழைகிற மாதிரி ஒரு துளை. அந்தத் துளைக்குப் பக்கத்தில், ஒரு திருகின் தலைப் பள்ளத்துக்குள், காய்ந்து கெட்டிப்பட்ட சந்தனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக அங்கேயேதான் இருக்கிறது. பழைய கருவிகளைக் கழித்துவிடும் பட்டியலில் இதையும் சேர்த்து, கையெழுத்துக்காக என்னிடம் கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது துறைத்தலைவர் நான்தான். பட்டியலில் இருந்த மற்றதையெல்லாம் படித்து முடித்துவிட்டேன், இந்த உருளையிடம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். மூன்று நாளாகப் பட்டியல் அப்படியே கிடந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சந்தனத்தை வைத்தவர் எங்கள் ஆய்வகத்து உதவியாளர் அக்கா. அவர் செய்த காரியத்தால் கருவி பாழாகிவிட்டது என்று பழி விழுந்து, தான் ஆசையாகப் பார்த்துக்கொண்ட அறையை விட்டே போனார். உண்மையில் கருவி பாழாகவில்லை. அவர் செய்ததால்தான் அது வேலையே செய்தது, எனக்கு டாக்டர் பட்டமும் கிடைத்தது. இது தெரிந்த ஒரே ஆள் நான் என்று நினைத்துக்கொண்டு பதினோரு ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

எங்கள் கல்லூரி திண்டுக்கல்லுக்கு வெளியே, மதுரை போகும் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. மாடிச் சன்னலில் நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் தண்டவாளம். இயற்பியல் துறையின் தரைத்தளத்தில் கடைசி அறைதான் லேசர் அறை. நான் வடமதுரைப் பக்கம் கத்தரியும் வெண்டையும் போடுகிற குடும்பத்துப் பெண். தற்காலிக விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்தேன். என் வழிகாட்டி சென்னையில் இருந்தார், மாதம் ஒருமுறை தொலைபேசியில் திட்டுவார். பதிவுக் காலத்தை ஏற்கெனவே ஒரு தடவை நீட்டித்தாயிற்று. மார்ச் மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருட உழைப்பும் அதோடு போகும். ஆய்வேடு முடிய ஒன்றே ஒன்றுதான் பாக்கி. லேசரை ஒரு மணி நேரம் விடாமல் ஒரே நிறத்தில் நிறுத்திக் காட்டிய பதிவு வேண்டும். என்னால் நான்கு நிமிடத்துக்கு மேல் நிறுத்த முடியவில்லை.

டயோடு லேசர் என்பது அரிசி மணியில் பாதிகூட இல்லாத ஒரு சில்லு. மின்சாரம் சற்று ஏறினாலும், அறை கொஞ்சம் சூடானாலும் அதன் நிறம் நகரும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் இந்த உருளை. கேவிட்டி என்போம். எதிரெதிராக இருக்கும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளி ஆயிரக்கணக்கான தடவை போய்த் திரும்பும். அந்த நீளத்துக்குச் சரியாகப் பொருந்துகிற நிறம் மட்டும் மறுபக்கம் வெளியே வரும், மற்றது வராது. லேசரின் நிறத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் திரையில் ஒரு மேடு எழுந்து இறங்கும். கண்மாய்க் கரையின் சரிவில் நிற்கிறவனுக்குக் கண்ணை மூடியிருந்தாலும் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று காலடி சொல்லிவிடும். உச்சியில் நின்றால் தெரியாது, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இறக்கம்தான். அதனால் லேசரை மேட்டின் உச்சியில் நிறுத்தாமல் பாதிச் சரிவில் நிறுத்துவோம். ஒளி கூடினால் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது, குறைந்தால் மறுபக்கம். நகர்ந்த அளவுக்கு ஒரு மின்சுற்று லேசரைத் திருப்பி இழுத்துவிடும்.

அந்த மேடு எவ்வளவு ஒல்லியாக இருக்கிறதோ அவ்வளவு துல்லியம் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகம் படித்த எனக்கு ஒல்லியின் மேல் அப்படி ஒரு மோகம். இருப்பதிலேயே பளபளப்பான கண்ணாடிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, நானே ஒட்டினேன். திரையில் மேடு ஊசி மாதிரி நின்றது. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனேன். ஆனால் ஊசியின் சரிவில் நிற்கிற லேசர், யாராவது கதவைச் சாத்தினாலே சரிவை விட்டு விழுந்துவிடும். விழுந்த பிறகு எந்தப் பக்கம் ஏறுவது என்று மின்சுற்றுக்குத் தெரியாது, திக்குத் தெரியாமல் எங்கேயோ போய் நிற்கும். தண்டவாளம் பக்கத்தில் இருக்கும் அறையில் கதவு ஒரு பொருட்டே இல்லை. ரயில் போகும்போது தரையே அதிரும்.

இந்த இடத்தில்தான் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவர். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே ஒரு கிறிஸ்தவக் கிராமம் அவருக்கு. நல்ல உயரம், உரத்த குரல், மூக்கு நுனியில் கோபம். துறையில் நாலு பேர் இருக்கும்போது என்னை ‘மேடம்’ என்பார், அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் ‘ஏத்தா’ ஆகிவிடுவேன். செருப்போடு யாரும் உள்ளே வந்தால் தொலைந்தார்கள். துறைத்தலைவரையே வாசலில் நிறுத்தி, “சார், செருப்பு” என்று சொல்லிவிட்டு, அவர் கழற்றுகிற வரைக்கும் வழியை விடாமல் நின்றிருக்கிறார். மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். “இன்னைக்கு என்ன வெஞ்சனம்?” என்று கேட்டுக்கொண்டே என் டப்பாவைத் திறந்து பாதியை எடுத்துக்கொள்வார், தன் டப்பாவில் பாதியை எனக்குத் தள்ளுவார். பேருந்து நிலையத்தில் ஆயக்குடிக் கொய்யா வந்துவிட்டால் உப்பும் மிளகாய்த்தூளும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார்.

என் லேசருக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தவரும் அவர்தான். ஒரு நாள் மூன்றரை மணிச் சரக்கு ரயில் போய், லேசர் வழக்கம்போல் விழுந்து, நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அக்கா எட்டிப் பார்த்தார். “என்னத்தா, கோவிச்சுக்கிட்டாரா? சரியான மாப்ள முறுக்கு. செவத்துக்கு அந்தப் பக்கம் யாராச்சும் தும்முனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாரே. எங்க வீட்டுக்காரரு தேவலாம் போல.” அன்றிலிருந்து எந்த ரயில் போனாலும் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும், “மாப்ள இருக்காரா, போயிட்டாரா?” நான் இந்தக் கோடியிலிருந்து “போயிட்டாரு!” என்று கத்துவேன். சிரித்துக்கொள்வோம். உள்ளுக்குள் எனக்கு மார்ச் மாதம் இருந்துகொண்டே இருக்கும்.

அறையில் ஒரு பதிவேடு உண்டு. கருவிகளுக்கு என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று அன்றன்றைக்கு எழுதி வைக்க வேண்டும். அதற்கு அக்காதான் காவல். வந்த புதிதில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டு அதன் மேல் வெள்ளை மையைத் தடவினேன். பார்த்துவிட்டார். “வெள்ளையடிக்கிறதெல்லாம் வீட்டுக்கு. இது ரெஜிஸ்டரு. தப்பா எழுதுனா ஒத்தக் கோடு போடு, அடில என்ன இருந்துச்சுன்னு தெரியணும். பக்கத்துல சரியானத எழுதிக் கையெழுத்துப் போடு. தப்புப் பண்ணுறது ஒண்ணும் பெரிசில்ல, ஒளிக்கிறதுதான் பெரிசு.” நான் தலையை ஆட்டினேன். அந்தப் பழக்கம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது, பதிவேட்டில் மட்டும்.

ஆயுத பூசையின்போது துறை அலுவலகத்தில் பெரிதாகக் கும்பிட்டுவிட்டு, அவரவர் அறைக் கருவிகளுக்கு அவரவர் பொட்டு வைப்போம். முதல் வருடம் நான் லேசர் அறையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றபோது அக்கா கேட்டார், “இந்த மரப்பெட்டி மேலயே வச்சுறலாம்ல?” கேவிட்டி தூசி படாமல், சூடு மாறாமல் இருக்க ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. நான் பெரிய இவளாட்டம், “பொட்டு நெத்தியிலதானக்கா வைக்கணும், முக்காட்டு மேலயா வைப்பாங்க?” என்று சொல்லிப் பெட்டியைத் திறந்து எஃகின் மேலேயே ஒரு துளி வைத்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொன்ன அந்தச் சொல்தான் பிறகு எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

பதிவுக் கெடு முடிவதற்கு முந்தைய ஆயுத பூசை. அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுக்க வேண்டியிருந்தது, நான் ஊருக்குப் போய்விட்டேன். போகும்போது முகம் செத்துப்போய்ப் போயிருக்கிறேன். அதைப் பார்த்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பொட்டு வைக்க ஆள் இல்லையே என்று, தன்னிடமிருந்த சாவியால் அறையைத் திறந்திருக்கிறார். பெட்டியைத் திறந்து, நான் சொன்னபடி நெற்றியிலேயே சந்தனம் வைத்திருக்கிறார். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர்கள் ஊர் மாதா கோயிலில் தூபம் போடாமல் திருவிழா கிடையாது. அந்தக் கோயில் சாம்பிராணியைத் தட்டில் கங்கு வைத்துப் போட்டு, கேவிட்டியைச் சுற்றி மூன்று தடவை காட்டி, பிறகு தட்டைப் பெட்டிக்குள்ளேயே கீழே வைத்துவிட்டு, மாதாவிடம் எனக்காக ஒரு செபமாலை முழுவதும் சொல்லியிருக்கிறார். அவ்வளவு நேரமும் புகை நடுவயிற்றுத் துளை வழியாக உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

நான் திரும்பி வந்து அறையைத் திறந்ததும் வாசம் அடித்தது. கருவிகளைப் போட்டுப் பார்த்தேன். ஊசியைக் காணோம். அந்த இடத்தில் சின்ன வெங்காயக் குவியல் மாதிரி அகலமாக, மங்கலாக ஒரு மேடு. கண்ணாடியின் உள்முகத்தில் புகை படிந்துவிட்டது. ஒட்டிய கண்ணாடி, உள்ளே துடைக்க வழியில்லை. புதிது வாங்கினால் வந்து சேர ஆறு மாதம் ஆகும், மார்ச்சுக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார். “என்னத்தா, மாப்ள ஒழுங்கா இருக்காரா? பூசையன்னைக்கு அவருக்கு ராச உபசாரம்ல!”

என்ன சொன்னேன் என்று முழுவதும் எழுத மனமில்லை. படிப்பில்லாதவர் தொடக்கூடாத இடம் என்று சொன்னேன் என்பது மட்டும் போதும். அவர் சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. “புகை உள்ள போகும்னு எனக்குத் தெரியாதுத்தா” என்றார். நான் பதிவேட்டை எடுத்தேன். எப்போதும் ஆங்கிலத்தில் எழுதுகிற பதிவேடு. அன்று தமிழில் எழுதினேன், அவருக்குப் புரிய வேண்டும் என்றே. ‘ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவால் கேவிட்டி பாழ்.’

அந்த வாரமே பதிவேட்டைத் துறைத்தலைவர் பார்த்தார். அக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வாசலில் செருப்பைக் கழற்ற வைத்ததை அவர் மறந்திருக்கவில்லை போலும், பத்தே நாளில் அக்காவை வேதியியல் துறையின் பண்டக அறைக்கு மாற்றிவிட்டார்கள். அது மாடிப்படிக்கு அடியில், சன்னல் இல்லாத அறை. திராவகப் புட்டிகளின் நெடியில் உள்ளே போகிறவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் தொண்டை கரகரக்கும். இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. என் வாழ்க்கையே போய்விட்டது, இவருக்கு அறைதானே போயிற்று என்று நினைத்தேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், வேறு வழியே இல்லாமல், அந்த அகலமான மேட்டிலேயே லேசரை நிறுத்திப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒளி குறைவாக வந்ததால் மின்சுற்றில் ஒரு மின்தடையை மாற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். லேசர் சரிவில் ஏறி நின்றது. நான்கு நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. ஒரு சரக்கு ரயில் வந்தது. மேசை அதிர்ந்தது, திரையில் கோடு நடுங்கியது, ஆனால் விழவில்லை. சரிவு இப்போது அகலமாக இருந்ததால் எவ்வளவு உலுக்கினாலும் லேசர் அதற்குள்ளேயேதான் ஆடியது, மின்சுற்று நிதானமாகத் திருப்பிக் கொண்டுவந்தது. கேவிட்டி சொல்வதை மட்டும் நம்பக்கூடாது என்று, மாறாத ஒரே நிறத்தை விழுங்குகிற ருபீடியம் ஆவி அடைத்த ஒரு குப்பியைத் தனியாக வைத்தும் சரிபார்த்தேன். நிறம் நின்ற இடத்தில் நின்றது. ஊசியில் கிடைத்திருக்கக்கூடிய துல்லியம் இல்லைதான், ஆனால் என் ஆய்வுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இருந்தது. ஒரு மணி நேரம் ஆனபோது நான் அழுதுவிட்டேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து அக்கா வந்தார். அறையில் விட்டுப்போன தன் டம்ளரை எடுக்க வந்தாராம். வாசலிலேயே நின்று, “மேடம், உள்ள வரலாமா?” என்றார். ஆளில்லாத அறையில் அவர் என்னை மேடம் என்றது அன்றுதான். அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பும்போது மூன்றரை மணி ரயில் வந்தது. தரை அதிர்ந்தது. இருவரும் அசையவில்லை. நீளமான ரயில், போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியும் போன பிறகு அக்கா மெல்லச் சொன்னார், “மாப்ள திருந்திட்டாரு போல.” நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செத்த நேரம் நின்றார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அன்றைக்கே எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்திருக்கலாம். பதிவேட்டில் ஒரு கோடு போட்டிருக்கலாம். செய்யவில்லை. ஏனென்றால் ஆய்வேட்டில் என்ன எழுதுவது என்று அதற்குள் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். சாம்பிராணிப் புகை பட்டுச் சரியானது என்று எழுத முடியுமா? சென்னை வழிகாட்டி சிரிப்பார், தேர்வாளர் சிரிப்பார் என்று பயம். ‘ரயில் அதிர்வைத் தாங்கும் பொருட்டு அகலமான மேடு தரும் கேவிட்டி தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று எழுதினேன். எழுதியபின் அதுதான் உண்மை என்று நானே பாதி நம்பிவிட்டேன். பதிவேட்டில் கோடு போட்டால் ஆய்வேடு பொய்யாகிவிடும், அதனால் கோடு போடவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பெரியவர், நல்ல மனிதர். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “எல்லாரும் ஒல்லியா வேணும்னு அலையும்போது, அகலமா இருந்தாப் போதும்னு உங்களுக்கு எப்படிம்மா தோணுச்சு?” என்று கேட்டார். “அதிர்வைக் கணக்குப் பண்ணிப் பார்த்தேன் சார்” என்று வாய் கூசாமல் சொன்னேன். “பெரிய இடத்துல இருக்கிறவங்களுக்குக்கூட இந்தப் பக்குவம் வராது” என்று பாராட்டினார். கை தட்டினார்கள். கூடத்தின் பின்னால், பஜ்ஜித் தட்டும் காப்பி டம்ளர்களுமாக உதவிக்கு வந்தவர்களில் அக்காவும் நின்றார். அவரும் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கை தட்டினார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை.

வேலை நிரந்தரமானது. அக்கா பண்டக அறையில் ஏழெட்டு வருடம் இருந்தார். வராந்தாவில் எதிரே வந்தால், “நல்லா இருக்கீங்களா மேடம்?” என்பார், நானும் “நல்லா இருக்கேன்க்கா” என்பேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஓய்வுக்கு முன்பாகவே வேலையை விட்டுவிட்டுக் கொடைரோட்டில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். வழியனுப்பும் கூட்டத்துக்கு நான் போகவில்லை, அன்று எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டேன். இப்போது துறையில் புதிய கேவிட்டி வந்திருக்கிறது. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய கலத்துக்குள் இருக்கிறது, எந்தப் புகையும் உள்ளே போகாது. அதனால்தான் பழையது கழிக்கும் பட்டியலுக்கு வந்தது.

மூன்று நாள் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை, உருளையையும் அந்தப் பழைய பதிவேட்டையும் ஒரு துணிப்பையில் போட்டு, பேருந்து நிலையத்தில் ஒரு கிலோ கொய்யாவும் வாங்கிக்கொண்டு கொடைரோட்டுக்குப் போனேன். வீட்டுக்கு முன்னால் இரண்டு பாத்தியில் மல்லிகை. அக்கா உதிரிப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார், குரல் மட்டும் குறையவில்லை. “யாரு, மேடமா? வாங்க, வாங்க!” என்று எழுந்தார். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அப்பாவின் கண் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது என்றேன். சிலுவை போட்டுக்கொண்டார்.

பேருந்தில் வரும்போது நான் சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் எங்கோ போய்விட்டன. பையிலிருந்து உருளையை எடுத்துப் பாயில் வைத்தேன். “அக்கா, இது பாழாகல. நீங்க போட்ட புகையாலதான் வேலை செஞ்சுச்சு. எனக்கு அப்பவே தெரியும். நான் சொல்லல” என்றேன்.

அக்கா பூக்கட்டுவதை நிறுத்தவில்லை. நான்கைந்து பூ கட்டிய பிறகு சொன்னார், “எனக்கும் அன்னைக்கே தெரியும்த்தா.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“டம்ளர எடுக்க வந்தேன்ல, ரயிலு போச்சுல்ல. அம்புட்டுப் பெரிய ரயிலு போயும் அவரு அசையல. எத்தன வருசம் அவரு கோவத்தப் பாத்தவ நானு? எனக்குத் தெரியாதா என்ன மாறிருக்குன்னு? நான் உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன், இப்பச் சொல்லுவா, இப்பச் சொல்லுவான்னு. நீ அந்தத் திரையவே பாத்துக்கிட்டு இருந்த.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா தொடர்ந்து பேசினார். “கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி. அந்த ஆசிட்டு நாத்தத்துல இருமுறப்பல்லாம் உன்னைய வஞ்சிருக்கேன், நல்லா வஞ்சிருக்கேன். ஆனா அந்தப் பெரியவரு உன்னையப் பாராட்டுனாருல்ல, அப்ப எனக்குச் சந்தோசந்தான். நான் சொன்ன செபமாலை வீண் போகலன்னு நெனச்சுக்கிட்டேன்.” பூச்சரத்தைக் கத்தரித்துக் கீழே வைத்தார். “அது கெடக்கட்டும். அந்த நோட்டுல இன்னும் அப்பிடியேதான் இருக்கா?”

பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். “ரெஜிஸ்டர வெளிய எடுத்துட்டு வரலாமாத்தா? கூறு கெட்டவளே!” என்று பழைய குரலில் ஒரு அதட்டல். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவால் கேவிட்டி பாழ். சத்தமாகத்தான் படித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் குறுகிப்போனேன். அவர் கையிலிருந்து வாங்கி, அந்த வரியின் மேல் பேனாவை வைத்துப் பரபரவென்று கிறுக்கத் தொடங்கினேன். ஒரு எழுத்துகூடத் தெரியக்கூடாது என்று இருந்தது எனக்கு. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“ஏத்தா, ஒத்தக் கோடு. எம்புட்டு தடவ சொல்லிருக்கேன்? அடில என்ன இருந்துச்சுன்னு தெரியணும்.”

பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து எனக்கு முழுசாக ‘ஏத்தா’ வந்திருந்தது, என் மணிக்கட்டை மட்டும் அவர் விடவில்லை. முதல் சொல்லின் பாதி என் கிறுக்கலில் மறைந்திருந்தது. மீதி வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் எழுதினேன், ‘கேவிட்டி பாழாகவில்லை. ஆய்வக உதவியாளர் போட்ட சாம்பிராணிப் புகை படிந்து மேடு அகலமானதால்தான் லேசர் நின்றது. இதை மறைத்தது நான்.’ தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அக்கா படித்துப் பார்த்தார். “கையெழுத்து மட்டும் இன்னும் கோழி கிண்டுன மாதிரிதான் இருக்கு” என்றார். அப்புறம் கொய்யாவை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்தார். சாப்பிடும்போது உருளையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திருகுப் பள்ளத்தில் இருந்த சந்தனத்தைக் கண்டதும் சிரித்துவிட்டார். “நெத்தியில வச்சது இன்னும் போகலயா!” நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “எனக்கெதுக்குத்தா? மாப்ள அங்க இருக்காரு, இத இங்க வச்சு நான் என்ன செய்ய?” என்று என் பையிலேயே போட்டார்.

இன்று திங்கட்கிழமை. உருளை மறுபடியும் என் மேசையில் கிடக்கிறது. வழிகாட்டிக்கு ஒரு கடிதம் எழுதி முடித்திருக்கிறேன், ஆய்வேட்டில் அந்த வரி எப்படி வந்தது என்று. அவர் சிரிக்கலாம், திட்டலாம், மேலே சொல்லவும் சொல்லலாம். வரட்டும். ஆயுத பூசைக்கு அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார், புதுக் கலத்துக்குள் புகை போகாது என்று நான் சத்தியம் செய்துகொடுத்த பிறகு. மூன்றரை மணி ரயில் இப்போதுதான் போனது. மேசை அதிர்ந்து, உருளை லேசாக உருண்டு, பட்டியலின் மேல் வந்து நின்றது. அதை நகர்த்தி வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தேன். பட்டியலில் அதன் பெயர் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். நீக்குவதற்குக் காரணம் என்று பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினேன், கெடவில்லை.